அருந்ததி தெரியாத ஆறு மாதம்

என் தம்பி மகள் காந்திமதியின் கல்யாணம் அம்பாசமுத்திரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வைகாசி மாதம். அன்று இருட்டிய பிறகு, மண்டபத்து மொட்டைமாடியில் வைத்துத்தான் என் கண்ணில் இருந்த கோளாறு முதலில் தட்டுப்பட்டது. அதை நான் வேறு ஒன்றாக எடுத்துக்கொண்டேன். அந்தத் தப்பைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என்னைப்போல் கண் மங்கிவரும் யாராவது படித்தால் உதவும்.

நான் மூன்றாம் வகுப்பு வரை போனவள். எழுத்துக்கூட்டி எழுதியதை மருமகள் கோமதி பிழை பார்த்துக் கொடுத்தாள். பிழையை மட்டும்தான். சொல்லில் கைவைக்க நான் விடவில்லை.

எனக்கு வானம் பார்க்கிற பழக்கம் உண்டு. யாரும் சொல்லித் தந்து வந்ததில்லை. கரண்டு அடிக்கடி போன காலத்தில் வீட்டுக்குள் புழுங்கும். மாடியில் பாய் விரித்துப் படுப்போம். மற்றவர்கள் உடனே தூங்கிவிடுவார்கள். எனக்குத் தூக்கம் வராது. நாளிதழில் மாதத்துக்கு ஒருமுறை வானத்தின் படம் போடுவார்கள். அதைக் கத்தரித்து வைத்துக்கொள்வேன். டார்ச் லைட்டின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொள்வேன். வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் கூசிப்போய் வானத்துப் பொடி மீன்கள் மறைந்துவிடும். படத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்து ஒவ்வொரு மீனாகப் பிடித்தேன்.

மங்கலான மீனை நேராகப் பார்த்தால் ஒளிந்துகொள்ளும். கொஞ்சம் விலகி ஓரக்கண்ணால் பார்த்தால் வெளியே வரும். இதையும் நானாகத்தான் கண்டுகொண்டேன். தெருவில் யாருக்காவது வானத்தில் புதிதாக ஏதாவது தென்பட்டால் என்னிடம் வந்துதான் கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்று எழுதுவது சரியில்லை. நிறைய.

அந்தக் கர்வத்தில் பெரிய பங்கு அருந்ததிக்கு. தாலி கட்டிய பிறகு பெண்ணையும் மாப்பிள்ளையையும் அருந்ததி பார்க்கச் சொல்வார்கள். பட்டப்பகலில், ஐயர் கை நீட்டுகிற பக்கம் பார்த்து, தெரியுது என்று தலையை ஆட்டிவிட்டு வந்து உட்காருவார்கள். எனக்கு அது பிடிக்காது. எங்கள் குடும்பத்துக் கல்யாணம் என்றால் இருட்டியதும் நானே இரண்டு பேரையும் மாடிக்குக் கூட்டிப்போவேன். தை மாசக் கல்யாணம் என்றால் சாயங்காலம் அது இருக்காது, விடிவதற்கு முன்னால் எழுப்பிவிடுவேன். அதற்காக என்னைத் திட்டிக்கொண்ட மாப்பிள்ளைகள் உண்டு. வடக்கே கரண்டி மாதிரி ஏழு மீன், சப்தரிஷி மண்டலம். கரண்டிக் காம்பின் நடுவில் இருப்பது வசிஷ்டர். அவரை ஒட்டிப் பொடியாக இன்னொன்று இருக்கும். அதுதான் அருந்ததி. “பாக்காம தெரியுதுன்னு சொல்லப்பிடாது” என்று முதலிலேயே அதட்டிவிடுவேன்.

அன்று வசிஷ்டர் மட்டும்தான் இருந்தார். அவரும் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல் இருந்தார். மேகம் என்று நினைத்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் பக்கத்தில் யாரும் இல்லை.

“பெரிசை ஒட்டிச் சின்னதா ஒண்ணு இருக்கா?” என்று காந்திமதியிடம் கேட்டேன்.

“தெரியுது அத்தை.”

“நெசமாவா? சும்மா சொல்லுதியா?”

“நெசமாத்தான் அத்தை. பளிச்சுன்னு இருக்கு.”

மாப்பிள்ளையும் ஆமாம் என்றார். அவள் அம்மா வடிவு, என் தம்பி மனைவி, பின்னாலேயே ஏறி வந்திருந்தாள்.

“மதினி, நீங்களும் நல்லாப் பாத்துக்கிடுங்க. பாத்தா ஆயுசு கெட்டிம்பாக.”

“எல்லாம் பாத்தாச்சு. நீ போயி பந்தியில ஆளக் கவனி” என்றேன்.

வடிவு சொன்னதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அருந்ததி கண்ணுக்குத் தெரியாமல் போனவருக்கு ஆயுசு ஆறு மாதம் என்பார்கள். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. மணமேடையிலிருந்து இறங்கிய பெண்ணை நிறுத்திவைத்துக்கொண்டு, அவளுக்கு மீன் காட்ட வந்த அத்தை, எனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தக் கல்யாணமே கலங்கிப்போகும். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பைய இறங்கினேன்.

கண்ணில் கோளாறாக இருக்கும் என்று தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றாததற்குக் காரணம் இருந்தது. அந்த வருஷம்தான் எனக்குக் கிட்டப் பார்வை திடீரென்று நன்றாகியிருந்தது. கண்ணாடி போடாமலே ஊசியில் நூல் கோத்தேன். நாளிதழின் பொடி எழுத்தைக் கூட்டிப் படித்தேன். பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். இத்தனை நல்ல கண்ணுக்கு ஒரு மீன் தெரியவில்லை என்றால், வந்திருப்பது வேறு விஷயம் என்று முடிவுகட்டினேன்.

வயதான காலத்தில் கிட்டப் பார்வை இப்படித் திரும்பி வருவது கண்புரையின் (கண்ணுக்குள் இருக்கும் வில்லை பழுத்து மங்குவது) ஆரம்பம் என்று பிற்பாடு கண் டாக்டரம்மா சொன்னார்கள். பழுக்கும்போது வில்லை கனத்து, கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாகக் காட்டுமாம், தூரத்தை மறைக்குமாம். உங்களுக்கு அப்படி வந்தால் கொண்டாடாதீர்கள். போய்க் காட்டுங்கள்.

நான் காட்டவில்லை. சாவுக்குத் தயாரானேன்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். பாபநாசத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி, ஆற்றில் முழுக்குப் போட்டு, எல்லாரிடமும் மனசுக்குள் விடைபெற்றுக்கொண்டேன். அடுத்த வீட்டுக்காரியிடம் சண்டை போட்டுப் பேசாமல் இருந்தேன். வலியப் போய்ப் பேசினேன். அவள் பயந்துபோய், “என்னக்கா, ஒடம்புக்கு முடியலையா?” என்றாள். என் அட்டிகையைக் கோமதியிடம் கொடுத்தேன்.

“இப்பம் என்ன அத்தை விசேசம்?”

“விசேசம் இருந்தாத்தான் குடுக்கணுமா? போட்டுக்கோ.”

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருநாள் அரக்குப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். சுவரில் மாட்டும் படத்துக்கு இவர்கள் என் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிவிடுவார்களோ என்று ஒரு பயம். அதில் நான் திருடி மாதிரி இருப்பேன்.

“பாஸ்போட்டுக்கா ஆச்சி? சிங்கப்பூருக்கா?” என்றார் ஸ்டூடியோக்காரர்.

“அதுக்கும் அங்கிட்டு” என்றேன்.

“சரி, இங்கன பாருங்க. இங்கன ஆச்சி, என்னையப் பாருங்க. அது திரைச்சீலை.”

சட்டம் போட்டு வாங்கிய அந்தப் படத்தைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

இதற்கு நடுவில் வேறு சிலதும் நடந்தன. தெரு விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிந்தது. கதவு நிலையில் இடது தோள் அடிக்கடி இடித்தது. ஒருநாள் என் வீட்டுக்காரர் இலைக்கு நான் சாம்பார் ஊற்றும்போது பாதி வெளியே போய்விட்டது. வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். அதிகம் பேசமாட்டார்கள். பேசினால் குத்தாமல் விடமாட்டார்கள்.

“இன்னைக்குத் தரைக்கும் சேத்துச் சமைச்சியா?”

“சூடா இருந்துச்சு, கை வழுக்கிட்டு” என்றேன். உடம்பு ஒவ்வொன்றாக விடைபெறுகிறது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகை போய் மார்கழி பிறந்தது. ஆறு மாதம் ஆகிவிட்டது. நான் இருந்தேன். சளி காய்ச்சல்கூட வரவில்லை. அருந்ததி திரும்பி வந்திருக்குமோ என்று ஓர் ஆசை. மார்கழியில் விடிவதற்கு முன்னால் கரண்டி வடகிழக்கே நிற்கும். வாசலில் கோலத்தை முடித்துவிட்டு, கூரை மறைக்கிறதே என்று அண்ணாந்தபடி தெருவை நோக்கிப் பின்பக்கமாகவே நடந்தேன். பால்காரர் சைக்கிள் இடது பக்கமாக வந்து என்மேல் மோதியது.

நான் கோலத்தின்மேல் விழுந்தேன். பால் தெருவெல்லாம் ஓடியது.

“மணி அடிச்சிக்கிட்டேதான ஆச்சி வந்தேன்! அண்ணாந்து பாத்துட்டு நிக்கீக, நகர மாட்டுக்கீகளே!”

“நீ எங்கன இருந்துலே வந்தே?”

“ஆகாசத்துல இருந்தா வந்தேன்? இந்தா, இங்கன இருந்துதான்.” இடது பக்கம் கையைக் காட்டினாராம். அந்தக் கை எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு உடுத்திப்போக நல்ல புடவை எடுக்கப் பெட்டியை நகர்த்திய கோமதி, துண்டில் சுற்றிய படத்தோடு கூடத்துக்கு வந்தாள். மகன், வீட்டுக்காரர், நலம் விசாரிக்க நின்ற பால்காரர், எல்லாரும் இருந்தார்கள்.

“அத்தை, இது என்னது?”

 என் வீட்டுக்காரர்தான் படத்தை வாங்கிப் பார்த்தார்கள். “நல்லாத்தான் இருக்கு. பார்வைதான் எங்கயோ போவுது” என்றார்கள். பிறகு கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் என் வாயிலிருந்து வாங்கினார்கள். அருந்ததியும் ஆறு மாதமும் வெளியே வந்தன. மகன் ஆவுடையப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சிரிக்கிறான் என்று நினைத்தேன். அழுதான்.

கைக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் என் இடது காதுக்குப் பக்கத்தில் விரலை ஆட்டி, தெரிகிறதா என்று கேட்டார். தெரியுது என்றேன். எத்தனை விரல் என்றார். இரண்டு என்றேன். அப்போது கையை மடக்கித்தான் வைத்திருந்தாராம். அன்றைக்கே திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே கண்ணுக்குள் அழுத்தம் பார்த்தார்கள். பிறகு பார்வைப் புலச் சோதனை (சுற்றிலும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அளப்பது) என்று ஒரு இருட்டு அறைக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு கண்ணை மூடி, ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொடி வெளிச்சம் வந்து மறையும். வந்தால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும்.

எனக்கு மனசுக்குள் ஒரு சந்தோஷம். இது நம்ம வேலையல்லவா என்று இருந்தது. வலது கண்ணில் வெளிச்சம் மங்கலாக வந்தது, அமுக்கினேன். இடது கண்ணுக்கு மாற்றினார்கள். புள்ளியைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இயந்திரம் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. எங்கோ வெளிச்சம் வருகிறது என்று தெரிந்தது, எனக்குத்தான் வரவில்லை. தெருவுக்கே வானம் காட்டினவள் சும்மா உட்கார்ந்திருப்பதா என்று அந்தச் சத்தத்தை வைத்து அமுக்க ஆரம்பித்தேன். வந்திருக்கும், வந்திருக்கும் என்று அமுக்கினேன்.

சோதனை எடுத்த பெண் விளக்கைப் போட்டாள். நல்ல பிள்ளை. ஆனால் குரல் கொஞ்சம் உரக்க.

“ஆச்சி, வெளிச்சம் வராதப்பமும் அமுக்கிருக்கீகளே. மெசின் கண்டுபிடிச்சிரும். திரும்பச் செய்யணும். வந்தா மட்டும் அமுக்குங்க, என்ன?”

கதவு திறந்திருந்தது. வெளியே நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் காதில் எல்லாம் விழுந்தது. என் வீட்டுக்காரர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழ்நாளில் அப்படி நான் கூனிக்குறுகியதில்லை. எத்தனை பெண்களை, பார்க்காமல் சொல்லாதே என்று அதட்டியிருப்பேன்.

இரண்டாம் தடவை உண்மையாகச் செய்தேன். பொத்தானைப் பிடித்தபடி இருட்டில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் அமுக்க ஒன்றும் வரவில்லை. கண்ணீர் வடிந்து கிண்ணத்தின் விளிம்பு நனைந்தது. அந்தப் பெண் அதைத் துடைத்துவிட்டாள்.

டாக்டரம்மா படத்தைக் காட்டினார்கள். இடது கண்ணுக்கு உரிய வட்டம் அநேகமாக முழுக்கக் கறுப்பு. கண்புரை இரண்டு கண்ணிலும் இருக்கிறது. அதோடு கிளாக்கோமா (கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது). வலி தெரியாது. ஓரத்திலிருந்து தின்னும். ஒரு கண்ணில் போனதை மற்றக் கண் ஈடுகட்டுவதால் ஆளுக்குத் தெரியாமலே போகும். ஓரக்கண் என்று நான் பெருமையாகச் சொன்னேனே, அதைத்தான் அது முதலில் தின்றிருக்கிறது.

“ஏன்ம்மா இவ்வளவு தாமதமா வந்தீங்க? நடுவுல எதுவுமே தெரியலையா?”



“சாகப்போறோம்னு காத்துக்கிட்டு இருந்தா டாக்டரம்மா. படம்கூட எடுத்து வச்சிட்டா” என்றார்கள் என் வீட்டுக்காரர்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

“இடது கண்ல போனது போனதுதான்மா. அதை யாராலயும் திருப்பித் தர முடியாது. ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா இதுல கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். வலது கண்ணுல ஓரம் மட்டும்தான் போயிருக்கு. அதைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்தை ஒருநாள்கூட விடக் கூடாது. புரைக்கு ஆபரேஷன் செய்யலாம். சரியா?”

சரி என்றேன். நான் எதிர்பார்த்த சாவு வந்ததும் உண்மைதான், ஒரு கண்ணுக்கு மட்டும் வந்துவிட்டுப் போயிருக்கிறது என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். அதையும் நானே வாசலில் உட்காரவைத்து உபசரித்திருக்கிறேன்.

மருந்து விட்டு அழுத்தம் இறங்கிய பிறகு, மாசியில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. பழுத்த வில்லையை எடுத்துவிட்டுப் புது வில்லை வைத்தார்கள். வலி இல்லை. மேலே விளக்கு ஒன்று நிறம் மாறி மாறி மிதந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் எதிரே கோமதி நின்றாள். பழுப்பு என்று நான் நினைத்திருந்த அவள் புடவை நல்ல ஊதாவாக இருந்தது. கழுத்தில் என் அட்டிகை. அதை நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

“திருப்பித் தரணுமா அத்தை?” என்றாள். கேலிதான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“சாகும்போது கேட்டு வாங்கிக்கிடுதேன். இப்பம் போட்டுக்கோ.”

சித்திரையில் காந்திமதி வந்தாள். இருட்டியதும் மாடிக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டே ஏறினேன். இப்போது என் இடது பக்கம் எங்கே இருக்கிறது என்பதைக் கைதான் எனக்குச் சொல்கிறது. மேலே போய் உட்கார்ந்ததும் அவளிடம் சொன்னேன்.

“ஏட்டி, ஒன் கல்யாணத்தன்னைக்கு எனக்கு அருந்ததி தெரியல. தெரிஞ்சதுன்னு பொய் சொல்லிட்டேன்.”

 “அம்மா எல்லாத்தையும் சொன்னா அத்தை” என்றாள். பிறகு, “எனக்கும் தெரியல” என்றாள்.

“என்னது?”

“எனக்குத் தூரப் பார்வை கெடையாதுல்லா. கல்யாணத்தன்னைக்குக் கண்ணாடி போடக் கூடாதுன்னு அம்மா கழட்டி வச்சிட்டா. மேல பாத்தா ஒரே கலங்கலா இருந்துச்சு. நீங்க திட்டுவீகன்னு பளிச்சுன்னு தெரியுதுன்னேன். எங்க வீட்டுக்காரவுகளும் எதுக்கு வம்புன்னு ஆமான்னுட்டாக.” சிரித்தாள். “ஆறு மாசம் தாண்டி நானும் இருக்கேம்லா.”

நான் சிரிக்கவில்லை. பகலில் தலையாட்டியவர்களை ஏளனம் செய்து, இருட்டில் கூட்டிப்போய் நான் காட்டிய பெண்கள் எத்தனை பேர். அவர்களில் யார் மீனைப் பார்த்தார்கள், யார் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. சோதனை அறையில் பட்ட வெட்கம் ஒருநாளில் போயிற்று. இது போகவில்லை.

“இப்பம் கண்ணாடி போட்டிருக்கியா?”

“போட்டிருக்கேன்.”

“பாரு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு.”

அவள் வெகுநேரம் பார்த்தாள். நான் காட்டவில்லை. “காம்புல நடுவுல இருக்கிறது. ஆமா, மேல ஒண்ணு. ரொம்பச் சின்னதா. ஒங்களுக்கு?”

இடது கண்ணைக் கையால் மூடினேன். வலது கண் நேராக வசிஷ்டரிடம் போயிற்று. பக்கத்தில் ஊசி முனையளவு இருந்தாள். கையை மாற்றி வலது கண்ணை மூடினேன். வானமே இல்லை.

“ஒரு கண்ணுக்கு இருக்கு. ஒரு கண்ணுக்கு இல்லை” என்றேன்.

இதைப் படிப்பவர்களும் வீட்டில் இப்படி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். செலவில்லாத வேலை. நான் செய்யவில்லை.

முன்பெல்லாம் பாயில் படுத்தால் வானம் மொத்தமாக வந்து மேலே கவிழும். இப்போது உழக்கு உழக்காக அளந்துதான் பார்க்கிறேன். கரண்டியைப் பார்த்தால் சிம்ம ராசிச் சிங்கம் போய்விடுகிறது. சிங்கத்துக்குக் கழுத்தைத் திருப்பினால் கரண்டி போய்விடுகிறது. ஒரு வானம் பார்த்து முடிக்க முன்னைவிட நேரம் பிடிக்கிறது. அவசரம் ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள், அழுத்தம் பார்க்க. ஆறு மாதம் என்றால் இப்போது எனக்கு அதுதான்.

கீழேயிருந்து கோமதி, “அத்தை, மருந்து!” என்று கூப்பிடுவாள். இறங்கி வந்து படுப்பேன். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டு சும்மா கிடக்க வேண்டும். அந்த இருட்டில் சில வெளிச்சப் புள்ளிகள் வரும். வலது பக்கம்தான் வரும். இடது பக்கத்திலும் ஒன்று வந்ததுபோல் சில நாள் தோன்றும். வந்ததா என்று கோமதி கேட்கமாட்டாள், யாரும் கேட்கமாட்டார்கள். இருந்தாலும் எனக்குள் சொல்லிக்கொள்கிறேன், வரவில்லை என்று.